எரித்த கலோரி எவ்வளவு? நடக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அத்தைக்கு 52 வயது, எடை 65 கிலோ. போன வருஷம் தை பிறந்ததும் நடக்க ஆரம்பித்தார். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் இருப்பார். ஒரு மணி நேரத்தில் சுமார் 5 கிலோமீட்டர். மகன் வாங்கிக் கொடுத்த வாட்ச், நடை முடிந்ததும் 340 கலோரி என்று காட்டும். "முந்நூத்தி நாப்பது எரிச்சாச்சு, பாத்தியாடா" என்று சொல்லிக்கொண்டே மைதானத்து வாசல் டீக்கடையில் ஒரு வடையும் டீயும் எடுத்துக்கொள்வார். உழைத்ததற்குக் கூலி என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று மாதம் கழித்து எடை மெஷின் அதே 65-ஐக் காட்டியது. "என் உடம்பு வாகு அப்படி, நடந்தாலும் கரையாது" என்று சொல்லி நடையை நிறுத்திவிட்டார்.

அத்தையின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறை அந்த 340-இல் இருந்தது. ஒரு மணி நேர நடையால் அவருக்குக் கூடுதலாகச் செலவானது சுமார் 160 கலோரிதான். இதை அன்றைக்கே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அவர் நடையை விட்டிருக்க மாட்டார். இந்த வழிகாட்டி அவரைப் போன்றவர்களுக்காக. ஒரு நோட்டு, ஒரு எடை மெஷின், பெருக்கல் வாய்ப்பாடு இருந்தால் போதும். வாட்ச் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

## கலோரி என்பது எதன் அளவு

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான ஆற்றலைத்தான் நாம் பேச்சில் கலோரி என்கிறோம். அறிவியல் கணக்கில் அது கிலோகலோரி. பிஸ்கட் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதும் வாட்ச் காட்டுவதும் இதே அலகுதான்.

சோற்றிலும் எண்ணெயிலும் இருக்கும் ஆற்றலை, உடம்பு ஆக்சிஜனோடு சேர்த்து மெல்ல மெல்ல எரித்து எடுத்துக்கொள்கிறது. 1780-களில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்துக்குள் கினிப் பன்றியை வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். மூச்சு விடுவதும் ஒரு வகை எரிதல்தான் என்ற முடிவுக்கு அவர்களைக் கொண்டுவந்தது அந்தச் சோதனை. நூறு ஆண்டு கழித்து அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர், மனிதர் நாள்கணக்கில் தங்கும் அளவுக்கு மூடிய அறை ஒன்றைக் கட்டி, உள்ளே சைக்கிள் மிதிக்கவைத்து, வெளியேறிய வெப்பத்தையும் மூச்சுக் காற்றையும் அளந்தார்.

இந்த நெடிய உழைப்பிலிருந்து நமக்கு வேண்டியது ஒரே ஓர் எண்: உடம்பு 1 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் ஏறக்குறைய 5 கலோரி எரிகிறது. முகத்தில் முகமூடி மாட்டி, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் அளந்தால்தான் எரிந்த கலோரி ஓரளவு துல்லியமாகத் தெரியும். வாட்ச், டிரெட்மில், செல்போன் செயலி எதற்கும் உங்கள் மூச்சு தெரியாது. கைக்கு எட்டிய வேறு அடையாளங்களை வைத்து, இவர் இவ்வளவு ஆக்சிஜன் எடுத்திருப்பார் என்று ஊகிக்கின்றன. எது எதை வைத்து ஊகிக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் எதை நம்பலாம் என்பதும் புரிந்துவிடும்.

## மொத்தம் வேறு, கூடுதல் வேறு

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு எரித்துக்கொண்டேதான் இருக்கும். இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எதற்கும் விடுமுறை கிடையாது. உட்கார்ந்திருக்கும்போது கிலோவுக்கு மணிக்கு ஏறக்குறைய 1 கலோரி என்பது பழைய, எளிய கணக்கு. 65 கிலோ எடையுள்ள அத்தை மைதானத்துக்கே போகாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 65 கலோரி போயிருக்கும்.

நடந்தபோது மொத்தம் 228 கலோரி செலவாகியிருந்தால், அதில் 65 எப்படியும் போக வேண்டியதுதான். நடையின் பலன் மிச்சமுள்ள 163. அந்த 228-ஐ மொத்தம் என்றும் இந்த 163-ஐக் கூடுதல் என்றும் வைத்துக்கொள்வோம். பல கருவிகள் மொத்தத்தைத்தான் பெரிய எழுத்தில் காட்டுகின்றன. சில வாட்ச்களில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். உங்களுடையது எதைக் காட்டுகிறது என்று அமைப்புகளுக்குள் போய் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுத வேண்டியது எப்போதும் கூடுதலை மட்டுமே.

## படி 1: எடையைச் சரியாகப் பாருங்கள்

எல்லாக் கணக்குக்கும் எடைதான் அடிப்படை. காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு, எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே மெஷினில், ஒரே மாதிரி மெல்லிய உடையில் பாருங்கள். மெஷினைச் சமமான தரையில் வையுங்கள். பாய் மேலோ மெத்தை விரிப்பு மேலோ வைத்தால் எண் மாறும். தொடர்ந்து ஏழு நாள் பார்த்து, கூட்டி ஏழால் வகுத்து வருவதே உங்கள் எடை. அதையே வாட்ச்சிலும் செயலியிலும் போடுங்கள். வாட்ச்சை முதல் நாள் ஆன் செய்த அவசரத்தில் ஏதோ ஓர் எடையைப் போட்டுவிட்டு மறந்தவர்கள் நிறையப் பேர். வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதையும் அப்படியே சரிபாருங்கள்.

## படி 2: நடக்கும் தூரத்தை அளந்துவைத்துக்கொள்ளுங்கள்

ஓடுபாதை உள்ள மைதானம் பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். முறைப்படி கோடு போட்ட ஓடுபாதையில் உள்பக்க முதல் வரிசை ஒரு சுற்றுக்கு 400 மீட்டர். பன்னிரண்டரைச் சுற்று வந்தால் 5 கிலோமீட்டர். ஆனால் வெளிப்பக்கம் போகப் போகத் தூரம் கூடும். எட்டாவது வரிசையில் ஒரு சுற்று கிட்டத்தட்ட 453 மீட்டர். அதே பன்னிரண்டரைச் சுற்றை அங்கே போட்டால் அறுநூறு மீட்டருக்கு மேல் கூடுதலாக நடந்திருப்பீர்கள். ஓடுகிறவர்களுக்கு உள் வரிசையை விட்டுவிட்டு வெளியே நடப்பதுதான் மரியாதை. கணக்கில் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெருவில் நடக்கிறவர்கள் பைக்கின் கிலோமீட்டர் மீட்டரை வைத்து ஒருமுறை அளந்துவிடலாம். "வீட்டிலிருந்து பிள்ளையார் கோயில் வரை 1.3, அங்கிருந்து ரேஷன் கடை வரை 0.6" என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் பிறகு வேறு கருவியே வேண்டாம். செல்போனின் ஜி.பி.எஸ். திறந்த வெளியில் நன்றாக வேலை செய்யும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் கோடு அங்கும் இங்கும் தாவும். நடக்காத தூரத்தையும் நடந்ததாகக் காட்டும்.

அடிகளை எண்ணுபவர்கள் தம் காலடி நீளத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இயல்பான நடையில் 100 அடி வைத்து, அந்தத் தூரத்தை டேப்பால் அளந்து, நூறால் வகுத்தால் முடிந்தது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கைப் பற்றி ஒரு சொல். 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அங்கிருந்து கிளம்பிய எண் அது. அதைவிடக் குறைவாக நடப்பவர்கள் தோற்றுப்போனதாக நினைக்க வேண்டியதில்லை.

## படி 3: நடைக்கு அரை, ஓட்டத்துக்கு ஒன்று

மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றைத்தான்.

சமதளத்தில் சாதாரண வேகத்தில் நடந்தால், ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, கூடுதல் செலவு அரை கலோரி. ஓடினால் ஒரு கலோரி.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பயன்படுத்தும் சமன்பாடுகளிலிருந்து வருகிறது இது. நடக்கும்போது ஒவ்வொரு கிலோ எடையையும் ஒரு மீட்டர் முன்னே கொண்டுபோக 0.1 மில்லி லிட்டர் ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும்; ஓடும்போது 0.2. ஒரு லிட்டருக்கு 5 கலோரி என்று போட்டுப் பாருங்கள், அரையும் ஒன்றும் வந்து நிற்கும். அத்தைக்கு 65-இல் பாதி 32.5. கிலோமீட்டருக்கு 32.5 கலோரி. 5 கிலோமீட்டர் நடந்தால் 162.5.

ஒரே தூரத்துக்கு ஓட்டம் ஏன் இரட்டிப்புச் செலவு? நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். உடம்பு ஊசல் போல முன்னே சாய்ந்து சாய்ந்து போகும், ஓர் அடியின் ஆற்றலில் ஒரு பங்கு அடுத்த அடிக்கு மிஞ்சும். ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் முழு உடம்பையும் தரையிலிருந்து தூக்கி மறுபடி தாங்க வேண்டும். மெல்ல ஓடினாலும் வேகமாக ஓடினாலும் கிலோமீட்டர் கணக்கு அதிகம் மாறுவதில்லை. வேகமாக ஓடுபவர் அதே கலோரியைக் குறைந்த நேரத்தில் செலவழிக்கிறார், அவ்வளவுதான்.

இந்த அரைக் கணக்கு மணிக்கு 6 கிலோமீட்டர் வரை நன்றாகப் பொருந்தும். அதற்கு மேல் கையை வீசிப் போட்டு வேகவேகமாக நடந்தால் செலவு ஏறிக்கொண்டே போகும். மணிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது ஓடுவதைப் போலவே செலவு வைக்கும். அந்த வேகத்தில் உடம்பு தானாகவே ஓடத் துடிப்பது அதனால்தான்.

மேடு ஏறினால்? ஒவ்வொரு கிலோ எடையையும் ஒரு மீட்டர் உயரத்துக்கு நடந்து ஏற்ற 0.009 கலோரி ஆகிறது. திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். அத்தை அடிவாரத்திலிருந்து உச்சிப் பிள்ளையார் வரை ஏறினால் 65 × 83 × 0.009, ஏறக்குறைய 49 கலோரி. மூச்சு வாங்கி, முழங்கால் நடுங்கி, இடையில் இரண்டு தடவை உட்கார்ந்து ஏறிய ஏற்றத்துக்கு ஐம்பது கலோரிதானா என்று வருத்தமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் இதயத்தையும் தொடைத் தசையையும் அந்த அளவுக்கு வேலை வாங்க வேறு வழி சுலபத்தில் கிடைக்காது. மூச்சிரைப்பு வேகத்தைக் காட்டுகிறது. கலோரி மொத்த வேலையைக் காட்டுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

## படி 4: மற்ற பயிற்சிகளுக்கு மெட் கணக்கு

ஷட்டில், சைக்கிள், யோகாவுக்கெல்லாம் தூரம் உதவாது. அதற்கு மெட் என்ற அளவு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். ஒரு வேலை 4 மெட் என்றால், உட்கார்ந்திருப்பதைப் போல நான்கு மடங்கு ஆற்றல் கேட்கிறது என்று பொருள். பார்பரா ஐன்ஸ்வொர்த்தும் அவருடைய சகாக்களும் 1993-இல் நூற்றுக்கணக்கான உடலியக்கங்களுக்கு இப்படி மதிப்புப் போட்டு ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். 2000, 2011, 2024 ஆண்டுகளில் அது புதுப்பிக்கப்பட்டது. உலகத்தின் பெரும்பாலான செயலிகளுக்கு மூலம் அதுதான்.

2011 பதிப்பின்படி ஹட யோகா 2.5, சூரிய நமஸ்காரம் 3.3, பொழுதுபோக்காக ஷட்டில் ஆடுவது 5.5, மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் 6.8, நிமிடத்துக்கு நூறுக்கு மேல் கயிறு தாண்டுவது 11.8.

கூடுதலைக் கண்டுபிடிக்க மெட்டிலிருந்து 1-ஐக் கழியுங்கள், எடையால் பெருக்குங்கள், மணிக்கணக்கால் பெருக்குங்கள். 65 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் ஷட்டில் ஆடினால் 4.5 × 65 × 0.5, அதாவது 146. இருபது நிமிட சூரிய நமஸ்காரத்துக்கு ஏறக்குறைய 50. நேரத்தைக் குறிக்கும்போது நேர்மையாக இருங்கள். ஷட்டில் கோர்ட்டில் ஒரு மணி நேரம் இருந்தாலும், முறை வரக் காத்திருந்ததும் பேசிக்கொண்டு நின்றதும் போக ஆடியது முப்பத்தைந்து நிமிடம்தான் இருக்கும்.

மெட் கணக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. 1 மெட் என்பதை கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி லிட்டர் ஆக்சிஜன் என்று எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டார்கள். ஆய்வாளர்கள் பல நூறு பேரை அளந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 2.6 மட்டுமே இருந்தது. வயது கூடியவர்களுக்கும், உடம்பில் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பவர்களுக்கும் உண்மை அளவு 3.5-க்குக் கீழேதான் இருக்கும். ஆகவே மெட்டில் வரும் விடையை உச்சவரம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் என் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறேன். ஏமாற்றம் கூடுதலாக எதிர்பார்ப்பதால்தான் வருகிறது. குறைத்துப் போட்டு யாரும் நொந்துபோனதில்லை.

எடை தூக்கும் பயிற்சிக்குக் கலோரியே எழுதாதீர்கள் என்பது என் அழுத்தமான அபிப்பிராயம். தூக்கும் நேரம் கொஞ்சம், இடையில் ஓய்வெடுக்கும் நேரம் அதிகம்; எந்தக் கணக்கும் சரியாக உட்காராது. அங்கே எழுத வேண்டியது எத்தனை கிலோ, எத்தனை முறை என்பதுதான். வயதாக ஆக வற்றிப்போகும் தசையைக் காப்பாற்றுவதற்காகச் செய்கிற பயிற்சி அது.

## படி 5: வாட்ச்சின் மொழியைப் புரிந்துகொள்ளுங்கள்

வாட்ச்சின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை எண்ணித்தான் வாட்ச் இதயத்துடிப்பைச் சொல்கிறது. அதோடு கை அசைவையும் உங்கள் வயது, எடை விவரங்களையும் சேர்த்துக் கலோரியை ஊகிக்கிறது.

துடிப்பு எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே வரும். கலோரியில்தான் கதை மாறுகிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேருக்கு, கையில் கட்டும் ஏழு கருவிகளை மாட்டி, டிரெட்மில்லிலும் சைக்கிளிலும் பயிற்சி செய்யவைத்துச் சோதித்தார்கள். ஏழில் ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் சொல்லின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மோசமானது 93 விழுக்காடு. கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. ஆனால் துடிப்பிலிருந்து ஆக்சிஜனை ஊகிக்கும் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை.

அந்தச் சிக்கலை அத்தையின் உதாரணத்திலேயே பார்க்கலாம். கீட்டல் குழுவினர் 2005-இல் வெளியிட்ட சமன்பாடு ஒன்று, இதயத்துடிப்பு, எடை, வயது, பாலினம் நான்கையும் வைத்துக் கலோரி சொல்கிறது. 52 வயது, 65 கிலோ பெண்ணுக்குத் துடிப்பு 95 என்று போட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 254 வருகிறது. துடிப்பு 110 என்றால் 350. இப்போது யோசியுங்கள். மார்கழிக் குளிரில் நடந்தால் அத்தையின் இதயம் 95 தடவை துடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். சித்திரை மாதப் புழுக்கத்தில் அதே மைதானத்தில் அதே வேகத்தில் நடந்தால் 110 துடிக்கலாம். தோலுக்குக் கூடுதலாக இரத்தத்தை அனுப்பி உடம்பைக் குளிர்விக்க இதயம் அவதிப்படுவதால் வந்த வேகம் அது. கால்கள் செய்த வேலையில் மாற்றமில்லை. செலவான ஆக்சிஜனும் ஏறக்குறைய அதேதான். கணக்கு மட்டும் நூறு கலோரி எகிறிவிடும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் வருஷத்தில் பாதி நாள் இந்தப் பிழைக்குள்தான் நடக்கிறார்கள்.

வியர்வைக்கும் இது பொருந்தும். சட்டை நனைந்தால் கொழுப்பு கரைந்ததாக அர்த்தமில்லை. நடந்து வந்ததும் எடை அரை கிலோ குறைந்திருந்தால் போனது தண்ணீர்; குடித்துத் திரும்ப நிரப்புங்கள்.

மருந்து சாப்பிடுபவர்களுக்கு எதிர்த்திசையில் பிழை வரும். இரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத்துடிப்பு அடங்கியே இருக்கும். வாட்ச் குறைவான உழைப்பு என்று நினைத்துக்கொள்ளும். அவர்கள் துடிப்புக் கணக்கை மறந்துவிட்டு, படி 3-இன் தூரக் கணக்கையே வைத்துக்கொள்ள வேண்டும். எண் சரியாக வரவேண்டும் என்று மாத்திரையில் கை வைக்கவே கூடாது.

வாட்ச் கட்டுவதிலும் முறை இருக்கிறது. மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் கடை மேலே, ஆடாதபடி, அதே சமயம் இரத்த ஓட்டத்தை இறுக்காதபடி கட்டுங்கள். கண்ணாடி வளையல் மாதிரித் தொளதொளவென்று இருந்தால் விளக்குக்கும் தோலுக்கும் நடுவே வெளிச்சம் புகுந்து எண் தடுமாறும். பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டாதீர்கள். நடைக்கு நடை, சைக்கிளுக்குச் சைக்கிள் என்று சரியான பயிற்சியைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். ஓட்டத்தில் தீவிரமாக இறங்கியவர்கள் மார்பில் கட்டும் பட்டை வாங்கலாம். அது இதயத்தின் மின் துடிப்பையே நேராக எடுப்பதால் எண்ணிக்கை நம்பகமாக இருக்கும். நடப்பவர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

## படி 6: ஜிம் கருவிகளின் திரை

டிரெட்மில் உங்கள் எடையைக் கேட்கவில்லை என்றால் அது காட்டும் கலோரியைப் பார்க்காதீர்கள். யாரோ ஒரு சராசரி மனிதரின் எடையை வைத்துக் கணக்குப் போடுகிறது. தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அரைக் கணக்கைப் போடுங்கள். இன்னொன்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் உடல் எடையில் ஒரு பங்கைக் கம்பி சுமக்கிறது. சாய்வை ஏற்றிவிட்டுக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு போனால், திரை காட்டும் எண்ணில் பெரும்பகுதி பொய். தடுமாற்றம் இருந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

நிற்கும் சைக்கிளில் வாட் அளவு வருமானால் அதுதான் ஜிம்மிலேயே நம்பத்தகுந்த எண். நீங்கள் மிதியில் செலுத்திய ஆற்றலை அது நேரடியாக அளக்கிறது. சராசரி வாட்டை நொடிகளால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிலோஜூல் கிடைக்கும். அதையே கலோரி என்று எழுதிக்கொள்ளலாம். ஒரு கலோரிக்கு 4.184 கிலோஜூல், ஆனால் எரித்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிதிக்குப் போகிறது, மிச்சம் சூடாகிவிடுகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகின்றன. 60 வாட்டில் அரை மணி நேரம் மிதித்தால் 108 கிலோஜூல், கிட்டத்தட்ட 108 கலோரி. இது மொத்தக் கணக்கு. உட்கார்ந்திருந்தாலே போயிருக்கும் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

## படி 7: நாலு வாரம் எழுதி, எடையோடு ஒப்பிடுங்கள்

நோட்டில் தேதி, தூரம் அல்லது நேரம், கூடுதல் கலோரி, காலை எடை என்று நான்கு பத்தி போதும். ஒவ்வொரு நாள் எடையையும் பார்த்துக் கலங்காதீர்கள். முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டால் மறுநாள் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி ஒன்றிரண்டு கிலோகூட ஏறி இறங்கும். வாரச் சராசரியை மட்டும் பாருங்கள்.

உடல் கொழுப்பு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. அத்தை வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 810. நாலு வாரத்தில் 3,250. சாப்பாடு மாறாமல் இருந்தால் எதிர்பார்க்கக்கூடிய குறைவு 400 கிராம் சொச்சம். அவருடைய வாட்ச்சை நம்பியிருந்தால் 900 கிராமை எதிர்பார்த்திருப்பார்.

நாலு வாரத்தில் ஒன்றுமே குறையவில்லை என்றால் இரண்டு இடத்தில் தேடுங்கள். ஒன்று மிச்சமுள்ள 23 மணி நேரம். காலையில் நடந்துவிட்டோம் என்ற நிம்மதியில் மாடிப்படி ஏறாமல், கடைக்கு நடக்காமல், பகலில் கூடுதலாகப் படுத்திருப்போம். உடம்பும் தானாகவே சில செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் அன்றாட ஆற்றல் செலவை ஹெர்மன் பொன்சர் குழுவினர் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். நாளெல்லாம் நடக்கும் அவர்களுடைய மொத்தச் செலவு, உடல் அளவுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால், நகரத்து மேலைநாட்டவர்களுடையதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இல்லை. எரித்த கலோரி ஒவ்வொன்றும் எடைக் கணக்கில் அப்படியே வந்து சேராது என்பதற்கு இது நல்ல சாட்சி.

இன்னோர் இடம் டீக்கடை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. அத்தையின் கிலோமீட்டர் கணக்கில் அது 3.7 கிலோமீட்டர். டீயில் போடும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை 40 கலோரி; மைதானத்தில் மூன்று சுற்று. வடை சாப்பிடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பசித்தால் சாப்பிடுங்கள், ஆசைப்பட்டால் சாப்பிடுங்கள். வாட்ச் அனுமதி கொடுத்தது என்று மட்டும் சாப்பிடாதீர்கள்.

## யார் எண்ணாமல் இருப்பது நல்லது

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் உணவைக் குறைத்து நடையைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, இடது தோளுக்குப் பரவும் வலியோ வந்தால் கணக்கை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு வேண்டாம். எண் கூடவில்லை என்று இரவு எழுந்து அறைக்குள் நடக்கிற அளவுக்குப் போய்விட்டவர்கள், சாப்பிட்டதற்குத் தண்டனையாக நடப்பவர்கள், வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். அப்போதும் நடக்கலாம், எதையும் எண்ணாமல்.

## எடை குறைந்த பிறகு

அத்தை இந்த வருஷம் மறுபடி தொடங்கியிருக்கிறார். வாட்ச்சைக் கட்டிக்கொள்கிறார், தூரத்துக்கும் நேரத்துக்கும் மட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் "கி.மீ. 1-க்கு 32" என்று பெரிதாக எழுதிவைத்திருக்கிறார். ஆறு வாரம் போன பிறகு வாரச் சராசரி 64.1. அரைக் கணக்கு எடையைச் சார்ந்தது என்பதால், எடை குறையக் குறைய ஒரு கிலோமீட்டருக்கான கலோரியும் குறையும். இரண்டு கிலோ மாறும்போதெல்லாம் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வாட்ச்சிலும் எடையை மாற்ற வேண்டும். 63-க்கு வந்ததும் 32-ஐ அடித்துவிட்டு 31.5 என்று எழுதணும் என்றேன். "அரைக்கெல்லாம் எதுக்குடா, 60 வரட்டும், முப்பதுன்னு எழுதிக்கிறேன்" என்றார்.